கீழ்பவானி கரை, இட்டேரி, பர்கூர் மலை: கிராவல் சைக்கிளுக்கு வழி சொல்லுங்க

புதுவண்டி:

வணக்கம். ஏழு வருடம் சென்னையில் குப்பை கொட்டிவிட்டு இப்போது பெருந்துறைக்கே திரும்பிவிட்டேன். போன மாதம் மண்பாதையிலும் ஓட்டுவதற்கென்று வரும் ஒரு கிராவல் சைக்கிள் வாங்கினேன். வளைந்த கைப்பிடி, 40 மி.மீ. டயர், முன்னால் ஒரே பல்சக்கரம். வாங்கியதிலிருந்து தார் ரோட்டில்தான் ஓட்டுகிறேன். பைபாஸில் லாரிக் காற்றில் ஆடிக்கொண்டு போவதற்கு இவ்வளவு பணம் கொடுத்து இந்த வண்டி எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

இணையத்தில் தேடினால் கான்சாஸில் 200 மைல் பந்தயம், இத்தாலியில் வெள்ளை மண் சாலை என்று வருகிறது. நம் பக்கத்தில் 40, 50 கி.மீ. மண்பாதையாக ஓட்ட எங்கே போகலாம்? நடுவே கொஞ்சம் காடும் இருந்தால் நல்லது. யாரிடமாவது ஜிபிஎஸ் தடம் இருந்தால் இங்கே போடுங்கள்.

மேகாத்து:

கிராவல் என்று சைக்கிள்காரன் சொன்னதும் என்னவோ புதிதாகத் தெரிகிறது. நம்மூரில் வீடு கட்டிய எவரைக் கேட்டாலும் கிராவல் மண் லோடு என்ன விலை என்று சொல்லிவிடுவார். நீங்கள் உட்கார்ந்திருப்பதே கிராவல் மேல்தான்.

முதலில் கீழ்பவானி வாய்க்கால் கரை. பவானிசாகரில் கிளம்பி ஈரோடு, திருப்பூர், கரூர் என மூன்று மாவட்டத்தைத் தொட்டுச் சுமார் 200 கி.மீ. ஓடுகிறது. அணை 1955-இல் முடிந்தது. பாசனம் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். சைக்கிள்காரனுக்கு இதில் முக்கியமான விஷயம் வேறு. இது நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டே போகும் வாய்க்கால். மேடு வந்தால் ஏறாது, சுற்றிக்கொண்டு போகும். அதனால் கரையில் போகிற நமக்கும் ஏற்றம் இறக்கம் கிடையாது, ஆனால் நேர்கோடும் கிடையாது. மேப்பில் 8 கி.மீ. தள்ளியிருக்கும் ஊருக்குக் கரைவழி போனால் 15 கி.மீ. காட்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

தண்ணீர் போகும் திசையைப் பார்த்துக் கரையில் நின்றால் இடக்கைப் பக்கம் நெல்லும் மஞ்சளும் கரும்பும். வலக்கைப் பக்கம் மேட்டுக்காடு, வெள்ளாடு, வேலமரம். நடுவில் ஒரு வாய்க்கால் அகலம்தான். இவ்வளவு பச்சையாக இரண்டு உலகத்தைப் பிரித்துக் காட்டும் பாதை வேறு எங்கும் நான் ஓட்டியதில்லை.

பெருந்துறையிலிருந்து கரையேறிச் சென்னிமலைப் பக்கம் போங்கள். வழியில் விலகினால் வெள்ளோடு பறவைகள் சரணாலயம். 2022-இல் ராம்சார் எனும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, 77 ஹெக்டேர்தான். வாய்க்கால் கசிவும் அந்த ஏரிக்கு ஒரு வரத்து. கார்த்திகை, மார்கழியில் போனால் நாரைகள் உங்களை மேலிருந்து வேடிக்கை பார்க்கும்.

கரை நீர்வளத் துறைக்குச் சொந்தம். சில இடத்தில் கேட் போட்டிருப்பார்கள். பூட்டியிருந்தால் வண்டியைத் தூக்கித் தாண்டாமல் கீழே இறங்கி ஊர்வழி போய்விடுங்கள். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கரைப் பார்த்தால் நின்று ஒரு வார்த்தை பேசுங்கள். எந்த இடத்தில் கரை அரித்திருக்கிறது என்று செயலியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கோபி40:

மேகாத்து அண்ணன் பறவையெல்லாம் சொன்னார், முள்ளைச் சொல்லவில்லை.

தம்பி, கரையில் தரையோடு படர்ந்து மஞ்சள் பூ பூத்திருந்தால் அது நெருஞ்சி. காய்ந்த பிறகு பூ இருக்காது, முள் மட்டும் இருக்கும். அப்புறம் வேலமுள், சீமைக்கருவேல முள். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரையில் இழுத்துக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கு உங்கள் கதை முடிந்தது. டியூப் போட்டு ஓட்டினால் 20 கி.மீ.க்கு ஒரு பஞ்சர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். டியூப்லெஸ்ஸுக்கு மாற்றிச் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் பால்) ஊற்றுங்கள். நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் உலர்ந்துவிடும். ஊற்றியதை மறந்துவிட்டு ஆறு மாதம் கழித்து டயரைக் கழற்றினால் உள்ளே ரப்பர் உருண்டைதான் கிடக்கும்.

காற்று: 70 கிலோ எடை, 40 மி.மீ. டியூப்லெஸ் என்றால் முன்னால் 32, பின்னால் 35 பிஎஸ்ஐ. தார் ரோட்டுப் பழக்கத்தில் 60 அடித்துக்கொண்டு வந்தால் பல் ஆடும். டியூப் என்றால் 42, 45-க்குக் கீழே போகாதீர்கள், கல்லில் இடித்துப் பாம்புக்கடி போல இரண்டு ஓட்டை விழும்.

புதுவண்டி:

முள் குத்தினால் உடனே பிடுங்க வேண்டுமா, அப்படியே ஓட்ட வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கோபி40:

சின்ன முள் என்றால் பிடுங்கிவிட்டு ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள், பால் வந்து அடைத்துக்கொள்ளும். தலை ஒடிந்து உள்ளே போயிருந்தால் விட்டுவிட்டு வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். நான் நான்கு முள்ளோடு கவுந்தப்பாடியிலிருந்து கோபி வந்திருக்கிறேன்.

பழைய அட்லஸ்:

எனக்கு வயது 61. சென்னிமலைக்குத் தெற்கே விவசாயம். என் சைக்கிள் 1983-இல் என் அய்யன் வாங்கிக் கொடுத்தது. கியர் இல்லை. மகன் இந்த இழையைக் காட்டினான், அதனால் எழுதுகிறேன்.

வாய்க்கால் கரை சரி. எங்கள் பக்கத்துப் பாதை என்றால் அது இட்டேரி. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் காட்டுக்காரர்களின், அதாவது நிலத்துக்காரர்களின், உயிர்வேலி, நடுவே மாட்டு வண்டி போகும் அளவுக்கு ஒரு தடம். அதுதான் இட்டேரி. வேலியில் கிளுவை, சங்கமுள், கள்ளி, பிரண்டை, கோவைக்கொடி எல்லாம் கலந்திருக்கும். உச்சி வெயிலிலும் தடத்தில் பாதி நிழல் இருக்கும். கீரி, ஓணான், காடை, கௌதாரி இதற்குள்தான் குடியிருக்கும். ஊருக்கும் காட்டுக்கும், காட்டுக்கும் கோவிலுக்கும், சந்தைக்கும் நாங்கள் போனது இதில்தான்.

காங்கேயம் பக்கம் போனால் கொறங்காடு. வெள்ளாமை இல்லாமல் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. ஒரு கொறங்காட்டை மேய்த்து முடித்ததும் அதை ஆறவிட்டு அடுத்ததற்கு மாற்றுவார்கள். அதனால் வேலியில் படல் இருக்கும். படலைத் திறந்தவர் மூட வேண்டும். இதை மறந்தால் உங்களுக்கு ஒன்றுமில்லை, மாட்டுக்காரர் அன்று ராத்திரி டார்ச் லைட்டோடு அலைவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜிபிஎஸ் தடம் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இட்டேரித் தடத்தை யாரும் இணையத்தில் போடாதீர்கள். மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ எங்கள் இட்டேரியைப் படம் எடுத்துப் போட்டார்கள். அடுத்த மாதமே ஞாயிற்றுக்கிழமை காலையில் 20 மோட்டார் பைக், சத்தம் ஊரைத் தூக்கியது. சினை மாடு ஒன்று மிரண்டு வேலியில் விழுந்தது. ஒரு பக்கத்துக் காட்டுக்காரர் கல்தூணை நட்டுவிட்டார். இன்று அந்த வழியில் என் அட்லஸும் போக முடியாது.

கோபி40:

அய்யா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மூடி வைத்தால் மட்டும் இட்டேரி பிழைக்குமா? எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாமலேயே நான்கு இட்டேரி காணாமல் போய்விட்டது. இரண்டை இரு பக்கமும் நெருக்கி வேலிக்குள் சேர்த்துக்கொண்டார்கள், ஒன்றில் காங்கிரீட் போட்டார்கள், ஒன்று முள் மூடியே போனது. ஆள் நடமாட்டம் இருந்திருந்தால் "இது பொதுத் தடம்" என்று சொல்லவாவது நான்கு பேர் இருந்திருப்பார்கள். நானே கூட அங்கே நடந்ததில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பழைய அட்லஸ்:

அதுவும் உண்மைதான் தம்பி. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடுவது இப்போது கௌரவம். கம்பியில் பிரண்டை ஏறுமா, காடை முட்டை வைக்குமா? ஆனாலும் ஆள் வரட்டும் என்பதற்கும் மேப்பில் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆள் வந்தால் என்னிடம் வழி கேட்பார். மேப் வைத்திருப்பவர் கேட்கமாட்டார்.

செங்காந்தள்:

இருவருக்கும் நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் ஈரோடு. பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறேன். எனக்குத் தடம் கையில் இல்லாமல் "வழியில் கேட்டுக்கொள்" என்பது அவ்வளவு சுலபமில்லை. தனியாக வந்த பெண் நின்று வழி கேட்டால், வழியைத் தவிர மற்ற எல்லாம் கேட்பார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை குழந்தை, வீட்டில் விட்டார்களா. அதனால் என் போனில் தடம் இருக்கும். அதைப் பொதுவில் போடமாட்டேன், தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுப்புவேன். இதுதான் என் ஏற்பாடு.

இன்னொன்று, களை எடுக்கும் பெண்கள் இருக்கும் இடமாகப் பார்த்து நிற்பேன். அவர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்பார்கள், ஆனால் கூடவே தண்ணீரும் கொடுப்பார்கள்.

நாய் பற்றி யாரும் எழுதவில்லையே? இட்டேரியில் இருக்கும் சாளைக்குச் சாளை (தோட்டத்து வீடு) நாய் உண்டு. ஓடாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். அது வேகத்தைத்தான் துரத்துகிறது, உங்களை அல்ல. நான் "என்னடா" என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே நடப்பேன். பத்தில் எட்டு நாய் குழம்பிப் போய் நின்றுவிடும். மீதி இரண்டுக்கு வீட்டுக்காரர் வரும்வரை நிற்க வேண்டியதுதான்.

காலிங்கராயன் வாய்க்கால் கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பவானி அருகே அணைக்கட்டில் தொடங்கிக் கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையார்பாறை வரை சுமார் 90 கி.மீ. 13-ஆம் நூற்றாண்டு வேலை. பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழி காட்டியதாம், அதன் பின்னாலேயே வெட்டினார்களாம், அதனால்தான் இத்தனை வளைவு என்பது ஊர்க்கதை. ஓட்டிப் பார்த்தால் கதையை நம்பத் தோன்றும். ஈரோட்டு ஊருக்குள் வரும் பகுதியை விட்டுவிடுங்கள், சாயமும் தோலும் சாக்கடையும் கலந்த வாசம். ஊர் தாண்டித் தெற்கே மஞ்சள் காடுகளுக்குள் புகுந்த பிறகுதான் அது வாய்க்கால்.

மேகாத்து:

என் பெயருக்கு ஏற்ற மாதிரி காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, வரும். காங்கேயம், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. காலையில் கிழக்கே 30 கி.மீ. பறந்து போய்விட்டு, "இன்றைக்கு நல்ல ஃபார்மில் இருக்கிறேன்" என்று நினைத்துக்கொண்டு மேற்கே திரும்புவீர்கள். அப்போது தெரியும். ஆடியில் முதலில் மேற்கே போய்க் கஷ்டத்தை முடித்துவிட்டு வீட்டுக்குக் காற்றோடு வாருங்கள்.

மழைக்கு மறுநாளும் வேண்டாம். செம்மண் கிராவல் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். ஆனால் இடையில் ஒரு ஃபர்லாங் களி இருந்தால் போதும், வண்டி நின்றுவிடும். எனக்கு அறச்சலூர் பக்கம் நடந்தது. முதலில் டயர் தடித்தது. அப்புறம் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே புல்லும் களியும் சேர்ந்து அடை தட்டின மாதிரி ஒட்டிச் சக்கரம் சுற்றவில்லை. நான் விடுவேனா, பெடலை ஓங்கி மிதித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். பின்னால் கியர் மாற்றியைத் தாங்கும் அலுமினியத் துண்டு ஒடிந்து அது சக்கரத்துக்குள் போய்விட்டது. ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்தத் துண்டு நகம் அளவுதான். ஆனால் வண்டிக்கு வண்டி வேறு வேறு. வாங்கிய கடையில் இல்லை, மூன்று வாரம் காத்திருந்தேன். புதுவண்டி, இன்றைக்கே உங்கள் வண்டிக்கு ஒன்று உபரியாக வாங்கி சீட்டுப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கரையில் சில இடங்களில் பொக்லைன் புரட்டிப் போட்டிருக்கும். வாய்க்காலுக்குக் காங்கிரீட் போடுவதா வேண்டாமா என்று 2020-க்குப் பிறகு நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைமடைக்காரர் தண்ணீர் வந்து சேரவில்லை என்கிறார். கசிவை நம்பிக் கிணறு வைத்திருப்பவர் கசியக்கூடாது என்றால் நான் எங்கே போவது என்கிறார். டீக்கடையில் நின்று இதில் கருத்துச் சொல்லாதீர்கள். சைக்கிள் கிளம்ப மத்தியானம் ஆகிவிடும்.

மலையடி:

அந்தியூர்க்காரன். காட்டைப் பற்றிக் கேட்டிருந்தார், யாரும் தொடவில்லை.

முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் காட்டுக்குள் மண்பாதையில் சைக்கிள் ஓட்ட வழியில்லை. சத்தியமங்கலம் 2013-லிருந்து புலிகள் காப்பகம். அந்தியூர், கோபி பக்கத்துக் காடு 2024-இல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018-இல் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகளை இன்னும் இறுக்கினார்கள். வனத்துறையே 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்திருக்கிறது. ஆனால் அதெல்லாம் வழிகாட்டியோடு நடப்பதற்கு.

மிச்சம் இருப்பது பொதுச் சாலை. அந்தியூரிலிருந்து வரட்டுப்பள்ளம் அணை தாண்டி மலை ஏறினால் தாமரைக்கரை, பர்கூர். தார்தான், ஆனால் இரு பக்கமும் காடு. டயரைப் பார்த்து வருத்தப்படாதீர்கள், மழைக்காலத்தில் பாதி இடம் தாரா கிராவலா என்று தெரியாது. மேலே பர்கூர் மாட்டைப் பார்க்கலாம். செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு, செம்மறை என்போம். கூட்டமாக ரோட்டில் வந்தால் ஓரமாக நின்றுவிடுங்கள். ஆடியில் குருநாதசாமி கோவில் திருவிழாவுக்கு அதே மாடுகள் அந்தியூர் சந்தைக்கு இறங்கும்.

யானை: வரட்டுப்பள்ளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும். அதனால் நன்றாக விடிந்த பிறகு ஏறுங்கள், நான்கு மணிக்குள் இறங்கிவிடுங்கள். மோட்டார் பைக்குக்குச் சத்தம் இருக்கிறது, யானைக்கு முன்கூட்டியே தெரியும். நாம் சத்தமில்லாமல் வளைவில் போய் அதன் முன்னால் நிற்போம். அதைத்தான் அது விரும்பாது. வளைவுக்கு முன்னால் மணி அடியுங்கள், எதிரே வரும் பஸ் டிரைவர் கையைக் காட்டினால் நிற்காமல் திரும்புங்கள். காரணம் கீழே வந்து கேட்டுக்கொள்ளலாம்.

புதுவண்டி:

கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகும் பாதையில் பஸ்ஸே போகிறதே, சைக்கிள் போகக்கூடாதா?

மலையடி:

அந்தப் பஸ் அங்கே வாழ்கிற ஜனங்களுக்காகப் போகிறது. நடுவில் சர்க்கரைப் பள்ளம், குரும்பூர்ப் பள்ளம். மழை வந்தால் மேலே இருக்கும் ஊர்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்திருக்கின்றன. ஒரு பிரசவம் என்றால் அந்தப் பாதை என்ன பாடு படுத்தும் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நீங்களும் நானும் "ஆஹா, நல்ல கிராவல்" என்று அதே பாதைக்குப் போவது எனக்கென்னவோ உறுத்துகிறது. தார் போட்டால் நான் சந்தோஷப்படுவேன். அது புலிகள் காப்பகம் என்பது தனி.

செங்காந்தள்:

இதை நான் யோசித்ததில்லை. நமக்குப் பிடித்த பாதை என்றால் பெரும்பாலும் யாரோ மனு கொடுத்துக் கிடைக்காமல் போன ரோடு.

புதுவண்டி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். போய்விட்டு வந்தேன். மொத்தம் 46 கி.மீ., ஐந்தரை மணி நேரம், இரண்டு முள், ஒரு நாய்.

காலை ஐந்தரைக்குப் பெருந்துறையில் கரையேறினேன். வாய்க்காலில் தண்ணீர் இருந்தது, தளும்பாமல் கனமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மதகின் மேல் லஸ்கர் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். மேகாத்து அண்ணன் சொன்னபடி நின்றேன். "மூணாவது பாலத்துக்கிட்ட இறங்கிக்கோங்க, அதுக்கப்பறம் கரை இல்லை" என்றார். செயலியில் கரை இருந்தது. மூன்றாவது பாலத்துக்கு அப்பால் போய்ப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை.

சென்னிமலையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனதும் இட்டேரி. எந்த இடம் என்று எழுதவில்லை, அய்யா நிம்மதியாக இருக்கலாம். வேலி இரண்டு ஆள் உயரம். தடத்தில் பழைய வண்டிச் சக்கரம் அறுத்த இரண்டு பள்ளம், நடுவே புல். டயர் மண்ணில் அரைபடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஒரு திருப்பத்தில் கிளுவைக் கிளையை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி, நான்கு வெள்ளாடு.

"எங்க கண்ணு போற?"

"சும்மாதானுங் ஆத்தா, சைக்கிள் ஓட்டிப் பாக்க."

"சும்மாவா?" என்று ஒரு நிமிடம் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். டயரை அழுத்திப் பார்த்தார். "எத்தன ரூவா?" பாதி விலைதான் சொன்னேன். அதற்கே வாயில் கை வைத்துக்கொண்டார். "இத்தன ரூவாய்க்கு ஒரு கேரியர் வெச்சுக் குடுக்கலியா? ஒரு புல்லுக்கட்டு வெக்க முடியாதே!"

கிளையை அவரே நகர்த்தி வழி விட்டார். நான் தாண்டியதும் திரும்பப் போடப் போனேன். "வேண்டாம், முள்ளு குத்திக்கும், நீ போ" என்றார். திரும்பிப் பார்த்தபோது கிளை பழைய இடத்தில் இருந்தது.

தடத்தைப் பதிவு செய்திருக்கிறேன். கரைப் பகுதியை மட்டும் வெட்டி இங்கே போடுகிறேன்.

பழைய அட்லஸ்:

அந்தப் பாட்டி யார் என்று எனக்குத் தெரியும். கேரியர் பற்றி அவர் கேட்டது நியாயமான கேள்வி.

கோபி40:

பின்னால் கேரியர் மாட்டத் திருகு ஓட்டை உங்கள் ஃபிரேமில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒன்று என்னிடம் சும்மாதான் கிடக்கிறது.

மேகாத்து:

வருகிற ஞாயிறு ஐந்தரைக்குப் பெருந்துறை பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை. முதலில் மேற்கே. அட்லஸ் அய்யாவும் வரவேண்டும், வேகம் அவருடையதுதான்.